கம்பின் விலையும் ஆற்றின் அகலமும்

ஒரு தூண்டில் கம்பின் விலை ஆயிரம் அமெரிக்க டொலர். ரீலும் நூலும் இதில் சேராது. வெறும் கம்புக்கு மட்டும் இந்த விலை. சேஜ், ஓர்விஸ், ஹார்டி போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் உயர்தர ஈத்தூண்டில் கம்புகள் இன்று ஏறத்தாழ இந்த விலையில்தான் நிற்கின்றன. நம் இலங்கைப் பணத்தில் மூன்று இலட்சம் ரூபா அளவு. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் ஒரு கம்புக்கு 222 முழுப் பேர், அதாவது 222 நாள் முழு வேலை, வேண்டும். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், ஏறத்தாழ ஒன்பது மாதம் கொழுந்தெடுத்த சம்பளம் அப்படியே அதற்குப் போய்விடும்.

நாவலப்பிட்டியில் வளர்ந்து, மகாவலிக் கரையில் மூங்கில் கம்போடு மீன்பிடிக்கப் பழகி, பின்னர் ஈத்தூண்டிலையும் கற்றுக்கொண்டவன் நான். இந்த விலை தகுமா என்ற கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்குக் கேள்வியாக இருந்ததில்லை.

முதலில் அந்தக் கம்பு செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். நாம் சாதாரணமாகப் போடும் தூண்டிலில் ஈயக்குண்டும் மண்புழுவும் தங்கூசி நூலை இழுத்துக்கொண்டு போய் விழும். ஈத்தூண்டிலில் முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி இருக்கும். அதற்கு எடையே இல்லை என்று சொல்லலாம். எறிந்தால் காலடியில் விழும். அதனால் நூலையே கனமாகச் செய்து, அந்த நூலை வீசுகிறார்கள். 5ஆம் எடை இலக்க நூலில் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். நூலைப் பின்னால் வீசி, அது முழுதும் நீண்ட கணத்தில் முன்னே கொண்டுவந்து கையை நிறுத்தினால், வளைந்த கம்பு நிமிர்ந்து நூலைச் சாட்டைபோல் சுருள் அவிழ்த்து அனுப்பும். பூச்சி கடைசியில் போய் மெதுவாகத் தண்ணீரில் இறங்கும். எல்லாமே அந்த வளைவிலும் நிமிர்விலும்தான் இருக்கிறது.

விலை கூடிய கம்பு அந்த நிமிர்வைச் சுத்தமாகச் செய்கிறது. கார்பன் இழைத் தாள்களை அளவாக வெட்டி, உருக்குக் கோலில் சுற்றி, அடுப்பில் வேகவைத்துக் கம்பாக்குகிறார்கள். எந்த இடத்தில் எத்தனை சுற்று, எந்த இழை எவ்வளவு விறைப்பு, பிசின் எது என்பதில்தான் தொழிலறிவு இருக்கிறது. நல்ல கம்பு கையில் கனக்காது. வீசி நிறுத்தியதும் அதன் நுனி நடுங்காமல் சட்டென்று அடங்கும். நுனி நடுங்கினால் நூலில் அலை ஓடும். அலை ஓடினால் தூரம் குறையும். மாலைவரை வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது என்பதும் வயது போனவர்களுக்குச் சிறிய விஷயமல்ல. அத்தோடு போர்த்துக்கல் தக்கைப் பிடி, துருப்பிடிக்காத வளையங்கள், வொஷிங்டனிலோ வெர்மொண்ட்டிலோ அதைச் செய்யும் தொழிலாளியின் சம்பளம் எல்லாம் அந்த விலைக்குள் அடங்கும். அந்த வேலைப்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். கையால் செய்யும் தொழிலுக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும் என்பதைத் தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

லெஸ்டரில் இருக்கும் அத்தான் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அப்படியொரு கம்பைக் கொண்டுவந்தார். ஒன்பது அடி, 6ஆம் இலக்கம். அவர் வழக்கமாக மீன்பிடிப்பது ரட்லண்ட் வாட்டரில். பரப்பளவில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது. ஒதுங்க இடமில்லாத திறந்த கரை, முகத்தில் அடிக்கும் காற்று, எழுபது எண்பது அடிக்கு அப்பால் ட்ரவுட் மீன். அங்கே இந்தக் கம்பில்லாமல் சரிவராது என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

இருவரும் டவுனுக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவில் ஆறு திரும்பும் ஓர் இடத்தில் இறங்கினோம். பின்னால் மூங்கில் புதர், தலைக்கு மேல் மரக்கிளை, முன்னால் இருபது இருபத்தைந்து அடியில் மீன் நிற்கும் மடு.

“நீ வீசிப் பாரு” என்று கம்பை என்னிடம் தந்தார் அத்தான்.

வீசினேன். கையில் தடியை வைத்திருப்பதுபோல் விறைப்பாக இருந்தது. காரணம் எளிது. மீன் இருபத்தைந்து அடியில் நின்றால், பூச்சியைக் கட்டும் மெல்லிய முன்நூல் ஒன்பது அடியைக் கழித்து, கம்பின் நுனிக்கு வெளியே பதினைந்து பதினாறு அடி கன நூல்தான் இருக்கும். கம்பைச் செய்தவர்களோ முப்பது அடி நூலின் எடைக்கும் அதற்கு மேலும் வளையும்படி அதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாதி எடைக்கு அது வளையவில்லை. வளையாத கம்பு நூலை அனுப்பாது; கைதான் அனுப்ப வேண்டும். என்னிடம் இருந்த மலிவான, மெதுவாக வளையும் கண்ணாடி இழைக் கம்போ அந்தத் தூரத்தில் சும்மா ஆட்டினாலே போதும், பூச்சியைக் கொண்டுபோய் வைத்துவிடும். அத்தானும் அதை வாங்கி வீசிப் பார்த்தார். “இந்த ஆத்துக்கு இதுதான் சரி” என்று அவரே சொன்னார்.

கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் அந்தக் கம்பைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது ஒடிஞ்சா என்னா செய்வீங்க தம்பி?”

சரியான கேள்வி. உயர்ந்த விலையின் ஒரு பங்கு உத்தரவாதத்துக்குப் போகிறது. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்கு, சில ஆயுள் முழுதும், ஒடிந்த துண்டைப் பழுதுபார்த்தோ மாற்றியோ தருகின்றன. இங்கிலாந்தில் இருப்பவர் தபாலில் அனுப்பிச் சில வாரங்களில் திரும்பப் பெறலாம். நாவலப்பிட்டியில் இருப்பவர் ஒடிந்த துண்டைக் கடல் கடந்து அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவு, திரும்பி வரும்போது சுங்கம், காத்திருக்கும் மாதங்கள் எல்லாம் அவர் தலையில். ஆக, அந்த உத்தரவாதத்துக்கும் சேர்த்து நாம் பணம் கொடுக்கிறோம். அதன் பயனில் பாதிகூட நம்மிடம் வந்து சேர்வதில்லை.

இந்த மலைநாட்டில் தூண்டில் கம்புக்கு ஒரு பழைய கதையும் உண்டு. ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டி வரை வந்தது. 1884இல் ஹற்றனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ஏறியது. அதே காலத்தில், 1880களில், வெள்ளைக்காரத் துரைமார் பிரவுண் ட்ரவுட் முட்டைகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து நுவரெலியாவில் பொரிக்கவைத்தார்கள். பின்னர் வந்த ரெயின்போ ட்ரவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் நிலைத்துவிட்டது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் ட்ரவுட் பொரிப்பகம் அமைந்தது. எங்கள் நிலையத்தைக் கடந்து மேலே ஏறிய ரயில்களில், தோல் உறைக்குள் இங்கிலாந்துக் கம்புகள் எத்தனையோ போயிருக்கும். அவற்றைச் சுமந்து ஓடைவரை நடந்தவர்கள் தோட்டத்து லயத்துக்காரர்கள். வீசியவர்கள் அவர்கள் இல்லை.

அந்தத் துரைமாரின் விலையுயர்ந்த கம்பும் மூங்கில்தான் என்பதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமும் ஆதங்கமும் ஒன்றாக வரும். மூங்கிலைப் பிளந்து, ஆறு முக்கோணக் கீற்றுகளாகச் சீவி, ஒட்டி, அறுகோணக் கம்பாக்குவார்கள். தொடக்கத்தில் அந்த மூங்கில் கல்கத்தாவிலிருந்து போனது. பிறகு தென் சீனத்து டொங்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. கணுக்கள் தூரத்தூர இருப்பதும், மேல்பட்டைக்கு அடியில் நார் அடர்ந்து இருப்பதும் அதன் சிறப்பு. ஆசிய மண்ணில் வளர்ந்த மூங்கில் ஆங்கிலேயத் தொழிலாளியின் உளியில் பட்டு, பெரும் விலையோடு எங்கள் மலைக்கே திரும்பி வந்தது. மகாவலிக் கரை மூங்கிலை வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, நுனியில் தங்கூசி கட்டிய எங்கள் பிள்ளைகளும் அதே கரையில் மீன் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜப்பானின் மலையோடைக்காரர்கள் ரீல் இல்லாமல் நூலை நுனியிலேயே கட்டிப் பொய்ப்பூச்சி வீசும் தென்காரா முறையை, எங்கள் கரைத் தூண்டிலின் உடன்பிறப்பு என்றே சொல்வேன். பெட்டகோனியா நிறுவனத்தைத் தொடங்கிய இவோன் ஷுனார் 2014இல் இருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தில் அந்த எளிய முறையைத்தான் எடுத்துச் சொன்னார். எந்தக் கம்பையும் வாங்க வசதியுள்ள மனிதர் அவர்.

கார்பன் இழை வந்த பிறகு இன்னொரு மாற்றமும் நடந்தது. 1960களில் பிரித்தானியாவின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த அந்தப் பொருள், 1970களின் தொடக்கத்தில் ஃபென்விக் நிறுவனத்தின் வழியாகத் தூண்டில் கம்பானது. அன்று அது அதிசயம். இன்று 150 டொலர் அளவில் கம்பு, ரீல், நூல் மூன்றும் சேர்ந்த செட் கிடைக்கிறது. மலிவுக்கும் உச்சத்துக்கும் இடையிலான தூரம் ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. விலை மட்டும் சுருங்கவில்லை. முதல் 150 டொலர் மீன்பிடிக்க முடியாதவரை மீன்பிடிக்க வைக்கிறது. அடுத்த 200 டொலர் கைக்குச் சுகத்தைத் தருகிறது. அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு நூறும், நன்றாக வீசத் தெரிந்தவருக்கு, அகன்ற நீரில், காற்றுக்கு எதிராகக் கடைசிச் சில அடிகளை வாங்கித் தருகிறது. அந்தச் சில அடிகள் உண்மையானவை. அவை தேவைப்படும் நீர் வேறு.

எங்கள் நீரில் இருப்பவை எவை? நாவலப்பிட்டி கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீற்றர் அளவுக்குத்தான் உயரம். குளிர்ந்த நீர் தேடும் ட்ரவுட் இங்கே வாழாது. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்த திலாப்பியா உண்டு. சிறு கெண்டைகள் உண்டு. சிங்கள அயலவர் லெஹெல்லா என்று சொல்லும் மஹசீரும் மகாவலிக்கு உரிய மீன். பெரிய மஹசீர் பிடிபட்டால் பாறைக்குப் பாறை இழுத்து ஓடும். அப்போது காப்பாற்றுவது நல்ல நூலும் நல்ல முடிச்சும், ஆற்றை அறிந்த காலும். மேலே வட்டவளைப் பக்கம் மழை கொட்டினால் இங்கே வெயில் அடித்தாலும் தண்ணீர் நிறம் மாறும். அதைப் பார்த்ததும் கரையேறத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு எந்தக் கம்போடும் சேர்ந்து வருவதில்லை.

ஆகவே என்னிடம் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் நல்ல நூலை வாங்குங்கள். வீசப்படுவது அதுதான், மலிவான நூல் நல்ல கம்பையும் கெடுக்கும். அடுத்து, தெரிந்தவர் பக்கத்தில் நின்று கையைப் பழக்குங்கள். பின்னால் இடமில்லாத கரையில் நூலைத் தண்ணீரிலேயே உருட்டி வீசப் பழகினால் எங்கள் ஆற்றில் பாதி வேலை முடிந்தது. கம்பு மூன்றாவது. நடுத்தர விலையில், கொஞ்சம் மென்மையாக வளைவதாக இருந்தால் போதும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் திறந்த கரையில் நின்று வீசுபவர், மணிக்கட்டு நோவு உள்ளவர், நல்ல வேலைப்பாட்டைக் கையில் வைத்திருப்பதே மகிழ்ச்சி என்று உணர்ந்து, அதற்கான வசதியும் உள்ளவர் விலை கூடியதை வாங்கட்டும். அதில் தவறே இல்லை.

வாங்குவதற்கு முன் ஓடைகளையும் நினைக்க வேண்டும். துரைமார் பெரும் செலவில் விட்ட ட்ரவுட், ஹோட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் காரிடினா சிங்ஹலென்சிஸ் என்ற சிறு நன்னீர் இறாலைத் தின்று அதன் இருப்புக்கே ஆபத்தாகிவிட்டது. 1988இல் அந்தச் சமவெளி தேசியப் பூங்காவானது. ட்ரவுட் இன்னும் அந்த ஓடைகளில் இருக்கிறது. கீழே மகாவலியில் மணல் அகழ்வும் குப்பையும் மீன் முட்டையிடும் இடங்களைக் கெடுக்கின்றன. நீரில் மீன் இல்லாமற்போனால் எல்லாக் கம்புகளும் ஒரே விலைதான்.

என் கையில் ஆயிரம் டொலர் இருந்தால் நான் செய்ய விரும்புவது இதுதான். அந்தப் பணத்துக்கு 150 டொலர் செட் ஆறு வரும், முள்ளுக்கும் நூலுக்கும் கொஞ்சம் மிஞ்சும். கம்பைச் சுமந்து மட்டுமே நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆறு பேர் மகாவலிக் கரையில் நின்று வீசக் கற்கலாம். வீசக் கற்கும் பிள்ளை தண்ணீரின் நிறத்தைப் பார்க்கும், மீன் ஏன் குறைகிறது என்று கேட்கும், மணல் லொறி ஆற்றில் இறங்கினால் கோபப்படும். ஒரு கம்பின் விலை தகுமா என்று இனி யாராவது என்னைக் கேட்டால், அந்த விலைக்கு எத்தனை பேர் ஆற்றங்கரைக்கு வருவார்கள் என்பதைத்தான் நான் முதலில் கணக்குப் பார்ப்பேன்.