விவசாயம் படிக்க கால்குலஸ் எதுக்கு?

கலிஃபோர்னியாவுல கம்யூனிட்டி காலேஜ்னு நூத்துக்கும் மேல இருக்கு. முதல் ரெண்டு வருஷத்தை அங்க சிக்கனமா முடிச்சுட்டு, 3-ம் வருஷத்துக்கு யூசி மாதிரி பெரிய இடத்துக்குத் தாவிடலாம். மாநிலத்துலயே குடியிருக்கறவங்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். செமஸ்டருக்கு 15 யூனிட்னா 690 டாலர். கேக்க சுகமாத்தான் இருக்கு. ஆனா எந்தப் பாடத்தை எப்ப எடுக்கறதுங்கறதுலதான் சூட்சுமமே!

சித்தப்பா பையன் இந்த வழியில யூசி டேவிஸ் போய் விவசாயத் தொழில்நுட்பம் படிக்கணும்னு நிக்கறான். ஊர்ல நிலத்தை வித்துட்டு வந்தவர் சித்தப்பா. "நான் எதை விட்டு ஓடி வந்தேனோ அதையே காசு கட்டிப் படிக்கப் போறானாம்"னு அவருக்கு ஒரே ஆத்தாமை. பையனோட திட்டம் வேற: "அண்ணே, முதல் வருஷம் ஈஸியான பாடமா எடுத்து ஜிபிஏ ஏத்திக்கறேன். கணக்கு, கெமிஸ்ட்ரியெல்லாம் அப்புறம்."

பொட்டி தட்டறவன் கண்ணுக்கு இது சாதாரண டிபெண்டென்ஸி சமாச்சாரம். கால்குலஸ் முடிச்சாத்தான் அதை வெச்சு நடத்தற இயற்பியல். அதுல முதல் பாகம் முடிச்சாத்தான் ரெண்டாவது. ஆக வரிசையா 3 செமஸ்டர் வேணும். கைல இருக்கறது மொத்தம் 4. முதல் வருஷத்தைச் சும்மா விட்டா கணக்கு 5-க்குப் போயிடும். டேவிஸ் சேர்க்கை பொதுவா செப்டம்பர்லதான். அதனால ஒரு செமஸ்டர் நழுவினா ஒரு வருஷமே போச்சு. அதுவும் போக, டேவிஸ் உட்பட 6 யூசி கேம்பஸ்ல உத்தரவாத சேர்க்கைக்கு செப்டம்பர் 1 முதல் 30-க்குள்ள, ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்ச கையோட விண்ணப்பிக்கணும். அப்ப காட்ட இருக்கறது முதல் வருஷம் படிச்சது மட்டும்தான்.

இன்னொண்ணு, 60 செமஸ்டர் யூனிட் சேந்துட்டா போதும்னு நினைக்கக் கூடாது. எந்தக் காலேஜ் பாடத்தை எந்தக் கேம்பஸ் எதுக்குச் சமமா ஏத்துக்குதுன்னு அஸிஸ்ட் தளத்துல மேஜர் வாரியா போட்டிருக்கான். அதைப் பாத்துட்டுதான் பதிவு பண்ணணும்.

"சென்சாருக்கு கோட் எழுதப் போறவனுக்கு பயாலஜி எதுக்குண்ணே?"ன்னான். தக்காளிக் கதைதான் சொன்னேன். டேவிஸ்ல கோபி லோரன்சன் தக்காளி பறிக்கற மெஷினைச் செஞ்சார். சாதாரண தக்காளி அதுல மாட்டினா சட்னிதான் :-) ஜாக் ஹன்னாங்கறவர் அடி தாங்கற, ஒரே சமயத்துல பழுக்கற ரகத்தை உருவாக்கினார். 1960-கள்ல ரெண்டும் சேந்துதான் வயலுக்குப் போச்சு. செடி தெரியாம மெஷின் இல்லை.

பக்கத்துல இருந்த சித்தப்பா, "அப்ப இது ஏர் பிடிக்கற படிப்பு இல்லையா?"ன்னார். கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏமாத்தம் மாதிரியும் இருந்துச்சு அந்தக் குரல்.

முதல் செமஸ்டருக்கு இப்ப முடிவானது: கால்குலஸ், கெமிஸ்ட்ரி, ஆங்கிலம். மூச்சு விட ஒரே ஒரு ஈஸி பாடம்.