வாராத செய்தியும் செய்யாத வேலையும்

மலராசிரியர் கட்டுரை ஒன்று கேட்டபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளை எழுதலாமென்றே முதலிற் கருதினேன். ஆயின் மனத்தில் முந்தி வந்து நின்றது, என் ஆசிரிய வாழ்வில் யான் இழைத்த ஒரு பிழை. பெருமைகளை எழுதுவார் பலர் உளர். பிழையை எழுதுதலும் இளைய ஆசிரியர்க்குப் பயன்படும் எனத் துணிந்து இதனை எழுதுகின்றேன்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, உடுவிலிலே தமிழ் கற்பித்து வருகின்றேன். 2024ஆம் ஆண்டில், என்னிடம் பயின்று பொறியியலாளராகிய ஒருவர், புணர்ச்சி விதிகளைப் பழகுவதற்கென ஒரு கைத்தொலைபேசிச் செயலியை ஆக்கித் தந்தார். பிள்ளை ஒரு பயிற்சியை முடித்தவுடன், முடிந்தது என்னும் நிகழ்வைச் செயலி குறித்து அனுப்பும். கூகிள் நிறுவனத்தின் ஃபயர்பேஸ் என்னும் கருவி அக்குறிப்புகளைத் திரட்டிக் கணக்காக்கும். பிள்ளைகளின் பெயர் அதில் இல்லை. இலக்கம் மட்டுமே உண்டு. எவ்விலக்கம் எவருடையது என்பது என் குறிப்பேட்டில் இருந்தது.

எட்டாந் தரத்தில் 32 பிள்ளைகள். ஒரு திங்கட்கிழமை கொடுத்த பயிற்சிக்கு, அடுத்த திங்களன்று கணக்கைப் பார்த்தேன். 11 பேருக்குக் குறிப்பே இல்லை. பதினொருவரையும் எழுப்பிக் கடிந்தேன். மற்றையோர் முணுமுணுத்து நிற்க, ஒருவன் மட்டும் நிமிர்ந்து, “செய்தனான், சேர்” என்றான். “செய்யாததுமன்றிப் பொய்யும் சொல்கிறாயோ?” என்றேன். அவன் பின்னர் வாய் திறக்கவில்லை; அன்று முழுதும் புத்தகத்தையும் திறக்கவில்லை. அவன் முகம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள் மாலை பொறியியலாளர் வந்தார். “சேர், முதலில செயலியைச் சோதிப்பம், பிள்ளையளைப் பிறகு சோதிக்கலாம்” என்றார். அச்சொல் எனக்குச் சுருக்கென்றது.

அவர் விளக்கியது இது. செயலி குறிப்புகளை உடனுக்குடன் அனுப்புவதில்லை. மின்கலமும் டேட்டாவும் வீணாகாதபடி சேர்த்து வைத்து, ஏறக்குறைய மணிக்கொரு முறை கட்டாக அனுப்பும். பிழை தேடுவார்க்கு இத்தாமதம் இடையூறு. ஆதலால் அவர் தொலைபேசியை மடிக்கணினியோடு கம்பியால் இணைத்து, ஒரு கட்டளையினாற் பிழைதேடும் நிலைக்கு மாற்றினார். அந்நிலையில் ஒவ்வொரு குறிப்பும் சில நொடிகளில் டீபக்வியூ என்னும் திரையிலே வரிசையாகத் தோன்றும். சோதனைக்காக அனுப்பியவை மெய்க்கணக்கிற் கலப்பதுமில்லை.

பயிற்சியை யானே செய்தேன். குறிப்பு வந்தது, பெயர்தான் வேறாயிருந்தது. செயலியின் புதிய பதிப்பில் அந்நிகழ்வுப் பெயரின் முதல் ஆங்கில எழுத்துப் பெரிதாயும், யாம் பார்த்த கணக்கிற் சிறிதாயும் இருந்தன. கருவிக்கு அவை இரு வேறு நிகழ்வுகள். மனம் வேறு, மணம் வேறு என்று நாடோறும் கற்பிக்கும் யான் அதனைக் குறை கூறுதல் எங்ஙனம்? புதிய பதிப்பை இறக்கியிருந்த 10 பேரின் குறிப்புகளும் மற்றைப் பெயரின் கீழே பத்திரமாயிருந்தன.

பதினொராவது இலக்கம் எப்பெயரின் கீழும் இல்லை. அது அம்மாணவனுடையது. இருவரும் அவன் வீட்டிற்குச் சென்றோம். தந்தையார் மருதனார்மடம் சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்பவர். வீட்டிற்கு அவருடைய தொலைபேசி ஒன்றே. அதனைக் கம்பியில் இணைத்து, எங்கள் இணைப்பையும் கொடுத்துப் பயிற்சி செய்வித்தபோது, குறிப்பு நொடியில் வந்தது. செயலியிற் பழுதில்லை. அப்பொழுது பொறியியலாளர், “தம்பி, நீர் முதல் செய்த நேரம் போனில டேட்டா இருந்ததோ?” என்று வினவினார்.

“இல்லை. அக்கா கொழும்பில இருந்து ஞாயிற்றுக்கிழமையிலதான் டேட்டா போடுறவ.”

முடிச்சு அவிழ்ந்தது. டேட்டா இல்லாதபோது குறிப்புகள் தொலைபேசியிலேயே காத்திருக்கும். ஆயின் 72 மணி கடந்து வந்து சேர்வனவற்றைக் கருவி கணக்கிற் கொள்வதில்லை என்பது அதன் விதி. அவன் செய்தது திங்கள் மாலை. குறிப்புப் புறப்பட்டது ஞாயிறு. செயலியைத் திறந்து பார்த்தோம். முடித்த பயிற்சி பச்சைக் குறியோடு அங்கே இருந்தது. அதனை முன்னரே கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய வரலாற்றை மாணவர்க்குப் பலமுறை கூறியுள்ளேன். ஓரேட்டிற் செய்யுள் ஒன்று காணப்படாவிடின், புலவர் அதனைப் பாடவேயில்லை என்று ஏடு ஆராய்வார் துணியார். செல்லரித்ததோ, எழுதினோன் விட்டானோ என்று வேறேடு தேடுவர். ஏட்டிற்குக் காட்டிய பொறுமையை யான் ஒரு பிள்ளைக்குக் காட்டவில்லை. கருவி பொய் சொல்லவில்லை. ‘வந்திலது’ என்று அது காட்டியதைச் ‘செய்திலன்’ என்று படித்தவன் யானே.

இப்பொழுது பிள்ளைகள் முடித்த வேலையைச் செயலி தனிப்பதிவாக வைத்திருந்து, எத்தனை நாள் கழிந்தாலும் இணைப்புக் கிடைத்தபோது எம்மிடம் சேர்க்கின்றது. திரட்டிய கணக்கை, வகுப்பின் பொதுப் போக்கை அறிதற்கு மாத்திரம் பயன்படுத்துகின்றேன். ஒருவனைத் தீர்ப்பதற்கு முன் அவனையே கேட்கின்றேன்.

அடுத்த நாள் வகுப்பிலே எல்லார் முன்னும், “பிழை என்னுடையது, என்னைப் பொறுத்துக்கொள்ளும்” என்று அவனிடம் கூறினேன். சிறிது நேரம் பேசாதிருந்தவன் மெல்லப் புத்தகத்தைத் திறந்தான்.

“அப்ப இனி டேட்டா இல்லாட்டிலும் செய்யலாமோ, சேர்?” என்று கேட்டான்.