படகு நீரிலா, கரையிலா? ஒரு நடுவரின் தாமதமான தீர்ப்பு

சென்ற ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வகுப்பு முடிந்த பின்னர், ஏழாம் வகுப்பு மாணவர்களைப் பெற்றோர் சிலரின் துணையுடன் ஸ்காபறோவிலுள்ள பிளஃபர்ஸ் பூங்காவிற்கு அழைத்துச் சென்றிருந்தோம். அவ்வாரம் நாம் கற்பித்த பாடம் நெய்தல் நிலம் பற்றியது. கடற்கரை வாழ்வை அறியாத பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ ஏரியையாவது காட்டிப் பாடத்தை விளக்கலாம் என்பது எமது எண்ணம். பிறிம்லி வீதி தெற்கே இறங்கி ஏரியைத் தொடும் அவ்விடத்தில், பாரந்தூக்கி ஒன்று படகுகளை ஒவ்வொன்றாக நீரிலிருந்து தூக்கிக் கரையில் நிறுத்திக்கொண்டிருந்தது. முன்னரே ஏற்றப்பட்ட படகுகள் வெண்ணிறப் பிளாஸ்திக் உறை போர்த்தி வரிசையாக நின்றன.

அதைக் கண்ட மாணவன் ஒருவன், "சேர், உதை ஏன் வெளியில எடுக்கினம்? போட் எண்டா தண்ணியிலதானே இருக்க வேணும்?" என்று கேட்டான். உடனே மற்றொரு மாணவி, "ஐஸ் வந்தா உடைஞ்சு போகும்தானே!" என்று மறுத்தாள். அடுத்த வாரத்து விவாதத்திற்குப் பொருள் கிடைத்துவிட்டது. "படகை நீரில் வைத்திருப்பதே நன்று" என்று ஓர் அணியும், "கரையில் ஏற்றி வைப்பதே நன்று" என்று மற்றோர் அணியும் வாதிட, நாம் நடுவராக அமர்ந்தோம்.

பிள்ளைகள் நூலகத்திலும் வீட்டிலும் தேடித் திரட்டிவந்த செய்திகள் எம்மை வியப்பில் ஆழ்த்தின. நீரில் நிற்கும் படகின் அடிப்பாகம் முழுவதையும் நீர் சமமாகத் தாங்குகின்றது. கரையிலோ அதன் பாரம் முழுவதும் அடிமரத்திலும் சில முட்டுக்கட்டைகளிலும் தங்குகின்றது என்றான் முதற் பேச்சாளன். நீரிலுள்ள படகு நினைத்தவுடன் புறப்படக்கூடியது என்றாள் அடுத்தவள். ரொறன்ரோத் தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் படகுகளுள், 1963இல் கட்டப்பட்ட 'ஒங்கியாரா' பல்லாண்டுகளாகக் குளிர்காலங்களிலும் பனிக்கட்டியை ஊடறுத்து ஓடியதைச் சான்றாகக் காட்டினாள். பிளஃபர்ஸ் பூங்காவின் மிதக்கும் வீடுகளில் மக்கள் குளிர்காலத்திலும் குடியிருப்பதைச் சொன்னான் மூன்றாமவன். நீர் 4 பாகை செல்சியசில் மிகக்கூடிய அடர்த்தி உடையது. ஆதலால் மேற்பரப்பு உறையும்போதும் ஆழத்து நீர் சற்று வெப்பமாகவே இருக்கும். அந்நீரைக் காற்றுக் குமிழிகளாலோ சிறு சுழலியாலோ மேலே தள்ளினால், படகைச் சுற்றிப் பனிக்கட்டி இறுகாது என்று அவன் விளக்கியபோது வகுப்பு கைதட்டியது.

எதிரணியும் சளைக்கவில்லை. மின்சாரம் நின்றால் அச்சுழலியும் நின்றுவிடுமே என்று கேட்டனர். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருமனில் விரியும். இயந்திரத்துள் தங்கிய சிறிதளவு நீரே அதனைப் பிளந்துவிடும் என்றனர். 1980களின் பிற்பகுதியில் பேரேரிகளில் புகுந்த வரிக்குதிரைச் சிப்பிகள் படகின் அடியில் ஒட்டிப் பெருகுவதையும், கண்ணாடியிழைப் படகும் நெடுங்காலம் நீரிற் கிடந்தால் அதன் மேற்பூச்சில் கொப்புளங்கள் தோன்றுவதையும் எடுத்துரைத்தனர். ஆள் பார்க்காத இரவில் சிறு துளையால் நீர் புகுந்தாற் போதும், காலையில் படகு இராது என்று கடைசிப் பேச்சாளர் முடித்தார்.

எல்லோரும் நடுவரை நோக்கினர். நாமோ, "தீர்ப்பை விழா மலரில் எழுதுகின்றோம்" என்று சொல்லி மணியை அடித்துவிட்டோம். நேரமின்மை அதற்குக் காரணம் அன்று. அக்காரணத்தை இப்பொழுது சொல்ல வேண்டும்.

நாம் வடமராட்சிக் கடற்கரையிற் பிறந்தவர்கள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், எம்மவரே மாலுமிகளாய்ச் செலுத்த, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த பெருமையைக் கேட்டு வளர்ந்தோம். எங்கள் அப்புவிடம் இருந்ததோ கரைவலை வள்ளம் ஒன்றுதான். ஆயினும் அந்தக் கப்பலுக்குரிய அறிவு அந்த வள்ளத்திற்கும் வேண்டியிருந்தது. கடல்நீரில் இடைவிடாது கிடந்தால் மரத்தைக் கப்பற்புழு துளைத்துவிடும். பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியினத்தைச் சேர்ந்த உயிர். ஆகவே அப்பு காலந்தோறும் வள்ளத்தைக் கரையேற்றிப் பாசி சுரண்டி, எண்ணெய் பூசிக் காயவிடுவார். கட்டுமரக்காரரும் நீர் உறிஞ்சிய மரங்களை அவிழ்த்து உலர்த்துவர். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தாலோ பலகைகள் சுருங்கிப் பொருத்துகள் வாய்திறக்கும். நனைதலும் உலர்தலும் முறைப்படி மாறிமாறி வரவேண்டும்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது எமக்கு வயது பத்து. கடலுக்குச் செல்வது தடையாலும் அச்சத்தாலும் அரிதாயிற்று. அப்பு வள்ளத்தைத் தென்னைகளின் கீழ் ஏற்றிக் கிடுகால் மூடினார். "ஒரு மாதத்தில இறக்கலாம்" என்றார். அந்த ஒரு மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாயிற்று.

2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சில வாரங்கள் கழிந்தபின், சின்ன மாமாவும், அப்பொழுதுதான் ஆசிரிய நியமனம் பெற்றிருந்த நாமும் அவ்வள்ளத்தை இறக்கினோம். "நாலு நாள் தண்ணியில தாட்டு வையுங்கோ, பலகை ஊறட்டும்" என்று அப்பு சொன்னதைக் கேட்கவில்லை. பொருத்துகளுக்குப் பஞ்சும் குங்கிலியமும் அடைத்துவிட்டோமே என்ற துணிவு. நூறு பாகம் செல்லுமுன் கணுக்கால் அளவு நீர் ஏறிவிட்டது. அள்ளி ஊற்றியபடி திரும்பினோம். அப்பு ஒன்றும் பேசவில்லை. ஆழமற்ற நீரில் வள்ளத்தை அமிழ்த்திவைத்து, நாலு நாளும் காலையும் மாலையும் வந்து பார்த்தார். பலகைகள் ஊறிப் பொருந்தின. இரண்டு மட்டும் பொருந்தவில்லை. ஓடாவியார் அவ்விரண்டையும் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவ்வள்ளம் ஓடியது.

2004இல் அப்புவின் முதுமை எம்மை அச்சுறுத்தியது. "இனிப் போதும் அப்பு. கரையில கிடந்தா அதுக்கும் பயமில்லை, உங்களுக்கும் பயமில்லை" என்று சொல்லி வள்ளத்தை ஏற்றுவித்தோர் நாமே. படித்த பேரனின் சொல்லை அவர் தட்டவில்லை. எனினும் நாள்தோறும் காலையில் கடற்கரைக்குச் சென்று, பலகைகள் வெடிக்காதவாறு நீர் தெளித்துவிட்டு, அதன் நிழலில் அமர்ந்திருப்பார்.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. சின்ன மாமா வேறொருவரின் படகில் ஆழ்கடலில் இருந்தார். ஆழமான நீரில் ஆழிப்பேரலை உயரம் குறைந்தே செல்லும். படகில் இருப்போர் அதை உணர்வதுமில்லை. அவர் ஒன்றும் அறியாமல் நண்பகலளவில் திரும்பியபோதுதான் கரை இருந்த கோலத்தைக் கண்டார். கரையில் ஏற்றியிருந்த வள்ளம் நூறு யார் தூரம் உள்ளே, மதில் ஒன்றில் மோதி உடைந்து கிடந்தது. அப்புவை மறுநாள் கண்டெடுத்தோம்.

கரையே பாதுகாப்பு என்று சொன்ன வாய் எம்முடையது. ஆதலால் அன்று வகுப்பில் தீர்ப்புச் சொல்ல நாவெழவில்லை. 2010இல் இந்நாட்டிற்கு அகதியாய் வந்தபின், எம் பிள்ளைகளுக்கும் இக்கதையை நாம் சொன்னதில்லை.

இனித் தீர்ப்பு. நீரும் முழுப் பாதுகாப்பன்று. கரையும் முழுப் பாதுகாப்பன்று. அப்புவைப்போல் அன்றாடம் கவனித்தாலும் இழப்பு வரலாம். ஆனால் பிளஃபர்ஸ் பூங்காவில் ஏற்றப்படும் படகுகளுக்கும் அப்புவின் வள்ளத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே படகை ஏற்றுவோர் இளவேனிலில் அதை இறக்கும் காலத்தையும் எண்ணியே ஏற்றுகின்றனர். நாம் அப்புவின் வள்ளத்தை நாட்குறிப்பின்றி ஏற்றினோம். 'இனிப் போதும்' என்று ஏற்றினோம். இறக்கும் நாளை நினைவிற்கொண்டு ஏற்றுவதாயின் கரை நன்று. அந்நினைவு இல்லையாயின் நீரே நன்று. எனவே வெற்றி நீரணிக்கு, மயிரிழையளவில். கரையணியினர் பொறுத்தருள்க.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எம் பிள்ளைகளின் தமிழும் பெரும்பாலும் கரையேற்றப்பட்ட தமிழே. சனிக்கிழமை வகுப்பும் ஆண்டுவிழாப் பேச்சும் முடிந்ததும் உறைபோர்த்தி வைக்கப்படுவது. அதை வீட்டில் இறக்கும்போது முதல் நாட்களில் ஒழுகத்தான் செய்யும். பிள்ளை "பாட்டி வந்தான்" என்று சொல்லிவிட்டால் சிரித்துவிடாதீர்கள். உடனே ஆங்கிலத்திற்குத் தாவிவிடாதீர்கள். நாலு நாள் பொறுங்கள், பலகை ஊறட்டும். அந்தப் பொறுமை இல்லாமல் ஒருமுறை நடுக்கடலில் நீர் அள்ளியவர்கள் நாம்.

வருகின்ற வைகாசியில், படகுகள் இறக்கப்படும் காலத்தில், வகுப்பை மீண்டும் பிளஃபர்ஸ் பூங்காவிற்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். முதற் கேள்வியைக் கேட்ட மாணவன், "சேர், என்ர அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ? அவவின்ர ஊரும் கடற்கரைதான்" என்று கேட்டிருக்கின்றான். கட்டாயம் கூட்டிவரும்படி சொல்லியுள்ளோம். அவருடைய படகின் கதையை அன்று அவர் சொல்லட்டும். மாணவர்கள் தமிழில் கேள்வி கேட்கட்டும்.