நாய் கடித்ததா, பையன் கடித்தானா? - ஸ்லோவாக்கியாவில் ஒரு 'ஐ' பாடம்!

"யார், யாரை?"

மருத்துவமனையின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டது இவ்வளவுதான். ஸ்லோவாக் மொழியில் 'க்டோ, கொஹோ?' என்றார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற தமிழ்நாட்டுத் தாய்க்கு அந்தக் கேள்வி புரியவில்லை. பின்னால் நாற்காலியில் அவருடைய ஐந்து வயது மகன், கையில் சுற்றிய துண்டோடு விசும்பிக்கொண்டிருந்தான். கணவருக்கு அன்று இரவு ஷிஃப்ட், போனை எடுக்கவில்லை.

'பையனை நாய் கடிச்சிருச்சு.' மனதில் ஓடியது இதுதான். தமிழில் பையன்தான் முதலில் வருவான். அதே வரிசையில், தனக்குத் தெரிந்த மூன்று ஸ்லோவாக் சொற்களை அடுக்கினார். 'ஸின் போஹ்ரீஸொல் பெஸ்.' ஸின் என்றால் மகன். பெஸ் என்றால் நாய். நடுவில் இருப்பது 'கடித்தது'.

கேட்டவர் காதில் விழுந்ததோ, 'பையன் நாயைக் கடித்தான்' என்பதுபோல!

அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். துண்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "ஸின?" என்று கடைசி எழுத்தை அழுத்திக் கேட்டார். "ஆமாம், ஸின... ஸின" என்று இவரும் தலையாட்டினார். அடுத்த நிமிடம் கதவு திறந்தது.

காயம் ஆழமில்லை. ஆனால், வீடு திரும்பிய பிறகும் அந்தத் தாய்க்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார். கணவர் கார் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர். ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில் டாடா குழுமத்தைச் சேர்ந்த ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலை 2018-ல் தொடங்கியது. சுற்றிலும் உதிரிபாக நிறுவனங்கள் இருக்கின்றன. கடைக்குப் போனால் கை காட்டினால் போதும், மற்றதைக் கணவர் பார்த்துக்கொள்வார் என்றே நாள்கள் ஓடிவிட்டன. 'என் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லக்கூட எனக்குத் தெரியலையே' என்ற எண்ணம் அன்றிரவு குத்தியது.

மறுவாரமே மொழி வகுப்பில் சேர்ந்தார்.

புள்ளி போனால் போதும்

ஸ்லோவாக் மொழியில் ஆறு வேற்றுமைகள். நமக்கு 'ஐ' இரண்டாம் வேற்றுமை. அவர்களுக்கு அது நான்காவது. அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் கேள்வி, 'கொஹோ? ச்சோ?' அதாவது, 'யாரை? எதை?' நம் ஊர் இலக்கண வகுப்பில் கேட்ட அதே கேள்வி!

சிக்கல் ஆண்பால் சொற்களில் தொடங்கியது. வீட்டைப் பார்க்கிறேன், மேசையைப் பார்க்கிறேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லும்போது அந்தச் சொற்கள் மாறாது. வீட்டுக்கு 'டொம்'. 'வீட்டை' என்பதற்கும் அதே 'டொம்'தான். ஆனால், அந்த ஆண்பால் சொல் உயிருள்ள ஒன்றைக் குறித்தால் கடைசியில் ஓர் 'அ' ஒட்டிக்கொள்ளும்.

அவர் தன் நோட்டில் ஸ்லோவாக் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுவார். சகோதரன் 'ப்ராட்', சகோதரனை 'ப்ராட'. கணவன் 'மன்ஜெல்', கணவனை 'மன்ஜெல'. டாக்டர் 'லெகார்', டாக்டரை 'லெகார'. மகன் 'ஸின்', மகனை 'ஸின'. எழுதிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தினார். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம், கடைசி எழுத்தின் மேல் இருந்த புள்ளி மட்டுமே. புள்ளியை எடுத்துவிட்டால் வேற்றுமை வந்துவிடுகிறது!

எல்லாம் அவ்வளவு சுலபமில்லை. 'பெஸ்' என்ற நாய், 'நாயை' ஆகும்போது நடுவில் இருக்கும் 'எ'யைத் தொலைத்துவிட்டு 'ப்ஸ' ஆகிவிடும். சக ஊழியர் 'கொலெகா', 'கொலெகு' ஆவார். தமிழில் 'என் மகனை' என்றால் மகனுக்கு மட்டும்தான் 'ஐ'. அங்கே 'என்' என்பதும் மாற வேண்டும். 'முவொய் ஸின்' என்பது 'முவொய்ஹோ ஸின' ஆகும்.

அவர் அடிக்கடி வழுக்கி விழுந்த இடம் வேறு. நாம் 'எனக்கு ஒரு மகன் இருக்கிறான்' என்போம். அதில் 'ஐ'க்கு வேலை இல்லை. அவர்களோ 'நான் மகனைக் கொண்டிருக்கிறேன்' என்ற கணக்கில், 'மாம் ஸின' என்பார்கள். தமிழில் யோசித்துப் பேசும் வாய் அங்கே புள்ளியை எடுக்க மறந்துபோகும். மறக்கும்போதெல்லாம் ஆசிரியை, "கொஹோ?" என்று புருவத்தை உயர்த்துவார்.

நம் வீட்டிலேயே இருந்த விதி

"உயிர் இருக்கா இல்லையான்னு பார்த்து வேற்றுமை போடணுமாம். என்ன மொழிங்க இது?" என்று கணவரிடம் புலம்பினார் ஒருநாள்.

அன்று மாலை ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. "காலையில பால் வாங்கிட்டு வர்றப்போ உங்க அண்ணனைப் பார்த்தேன்" என்றார் அம்மா. பாலுக்கு 'ஐ' இல்லை. அண்ணனுக்கு இருக்கிறது. 'பால் வாங்கினேன்' என்று சொல்லலாம். 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது. சொன்னால், அண்ணன் பார்த்தாரா, அண்ணனைப் பார்த்தாயா என்று எதிரில் இருப்பவர் கேட்பார். க்டோ, கொஹோ?

உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பேசும் மொழியில் பிறந்தவர் அவர். கோடு மட்டும்தான் வேறு இடத்தில் இருக்கிறது. நாம் மனிதர், மனிதரல்லாதவை என்று பிரிக்கிறோம். அவர்கள் ஆண்பால் சொற்களை உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிக்கிறார்கள். அதனால், நமக்கு அஃறிணையான நாய் அங்கே மகனோடு ஒரே வரிசையில் நிற்கிறது. அதுவும் ஒற்றை நாய் என்றால்தான். பல நாய்களைப் பார்த்தால், பெரும்பாலும் மேசை நாற்காலிகளின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்!

இரண்டு மொழிக்கும் விதிவிலக்குகள் உண்டு. 'மாப்பிள்ளை பார்க்கிறாங்க' என்கிறோமே, அங்கே மாப்பிள்ளைக்கு 'ஐ' எங்கே போனது? இன்னும் யாரென்று முடிவாகாத மாப்பிள்ளை அவர். முடிவாகிவிட்டால், 'மாப்பிள்ளையைப் பார்த்தோம்'!

மருத்துவமனையில் நடந்ததும் அப்போதுதான் அவருக்கு முழுமையாக விளங்கியது. ஸ்லோவாக்கிலும் தமிழைப்போலவே சொற்களை இடம் மாற்றிப் போடலாம். கடித்தது யார் என்பதை வினைச்சொல்லின் விகுதி ஓரளவு காட்டிக்கொடுக்கும். கடிபட்டது மகளாக இருந்திருந்தால் குழப்பம் வந்திருக்காது. வினைச்சொல்லின் ஆண்பால் விகுதியே நாயைக் காட்டியிருக்கும். மகனும் நாயும் இரண்டுமே ஆண்பால் சொற்கள் என்பதால் விகுதி உதவவில்லை. பையனை முன்னால் வைத்துச் சொன்னது தவறே இல்லை. 'ஸின போஹ்ரீஸொல் பெஸ்' என்றிருந்தால் அச்சுப் பிசகாத வாக்கியம். ஒரே ஒரு 'அ'தான் குறைந்திருக்கிறது.

கடித்த நாய் கீழ்வீட்டுப் பாட்டியுடையது. அதற்குத் தடுப்பூசி போட்ட புத்தகத்தை மறுநாளே கொண்டுவந்து காட்டியிருந்தார் பாட்டி. அப்போது அவர் மூச்சுவிடாமல் என்னென்னவோ சொல்ல, இவர் தலையை மட்டும் ஆட்டிவைத்தார். அதன் பிறகு இருவரும் படிக்கட்டில் பார்த்தால் ஒதுங்கிப்போனார்கள். மூன்று மாதம் கழித்து இவரே நின்று, "உங்கள் நாயைப் பார்த்து என் மகன் இப்போது பயப்படுவதில்லை" என்று ஸ்லோவாக்கில் சொன்னார். நடுவில் இரண்டு தவறு. பாட்டி திருத்தவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜனவரியில் பனி கொட்டியது. பள்ளியிலிருந்து மூக்கு சிவக்க வந்த மகன், ஷூவைக்கூடக் கழற்றாமல், பனிமனிதனைச் செய்ததாக ஸ்லோவாக்கிலேயே சொன்னான். பனிமனிதன் என்றால் 'ஸ்னெஹுலியாக்'. அவன் சொன்னது, 'ஸ்னெஹுலியாக'.

"அது வெறும் பனிதானடா... அதுக்கு எதுக்கு 'அ'?" என்றார் அம்மா.

மகனுக்குக் கேள்வியே புரியவில்லை. "அவனுக்கு நான்தான்மா மூக்கு வெச்சேன், கேரட்ல" என்றான்.

இரவு, நோட்டை எடுத்து 'ஸின்', 'ஸின'வுக்குக் கீழே அந்தச் சொல்லையும் எழுதிக்கொண்டார், புள்ளி இல்லாமல்.