ஒலக்கூர் ஆகாயம்

ஒலக்கூரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். செங்கற்பட்டைத் தாண்டி விழுப்புரம் நோக்கிப் பறக்கும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் அந்த ஸ்டேஷனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பாஸஞ்சர் வண்டிதான் தொழுப்பேட்டைக் கடந்து, மெள்ள மெள்ள வந்து, அங்கே ஒரு நிமிஷம் நிற்கும். நாலு பேர் இறங்குவார்கள். இரண்டு பேர் ஏறுவார்கள். பிறகு வண்டி திண்டிவனத்தை நோக்கி நகர்ந்துவிடும்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அந்த நாலு பேரில் ஒருவராக நாமும் இறங்கினோம். அறுவடையான நெல் வயல்கள் ஒரு பக்கம். இந்தப் பிரதேசத்து ஜனங்கள் 'மல்லாட்டை' என்று சொல்லும் நிலக்கடலை மறு பக்கம். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கிய கடலை வகைகள் 'டி.எம்.வி.' என்று அவ்வூரின் பெயரைத் தாங்கித் தேசமெங்கும் போயிருக்கின்றன. கோடை வந்துவிட்டால் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் தர்பூசணி மலையாய்க் குவியும். ஆகக்கூடி, ஒலக்கூர் மண்ணைப் பார்த்து வாழும் ஊர். ஆனால் நாம் போனதோ அங்குள்ள ஆகாயத்தைப் பற்றிப் பேசுவதற்கு!

நம்முடன் கலாசாலையில் படித்த நண்பர் ஒருவர் அங்கே விவசாயம் செய்கிறார். அவருடைய மகள் பௌதிகமும் கணிதமும் நன்றாகப் படித்தவள். விமானமோட்டியாகப் போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். பயிற்சிக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். பாங்கிக் கடனுக்கு நிலத்தை ஈடு வைக்க வேண்டும். நிலமோ நண்பருடைய தாயாரின் பெயரில் இருக்கிறது. அந்த அம்மாள் கையெழுத்துப் போட மறுக்கிறார். "நீர் வாத்தியார், நீர் சொன்னால் அம்மா கேட்பார்கள்" என்று நண்பர் எழுதியிருந்தார். நாம் விமான சாஸ்திரம் கற்றவர் அல்லர். ஆனாலும் பழைய விசாரணை அறிக்கைகளின் சாராம்சங்களைப் படிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அந்தத் தைரியத்தில் புறப்பட்டுவிட்டோம்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோருமாக ஏரிக்கரைக்குப் போனோம். மேலே ஒரு விமானம் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குத் தேசப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தால் அது ஏறக்குறைய ஒலக்கூர் தலைக்கு மேலேயே போகும். விமானங்கள் அடிக்கோல் பிடித்துப் பறப்பதில்லைதான். ஆயினும் அந்த ஒலி இவ்வூருக்குப் புதிதல்ல. 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையை ஓட்டிச் சென்றார். அங்கிருந்து அதை நெவில் வின்ஸென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அன்று தபாலைச் சுமந்த ஆகாயம் இன்று குழந்தைகளையும் கிழவர்களையும் சுமக்கிறது.

"ஏன் தம்பி, அது எதனால் விழுகிறது?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மாள். சுற்றி வளைக்காமல் கேட்ட கேள்வி. நாமும் சுற்றி வளைக்காமல் பதில் சொல்ல முயன்றோம்.

நமது ராஜ்யத்தில் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம். 1950-ஆம் வருஷம் டிஸம்பர் 13-ஆம் தேதி, பம்பாயிலிருந்து கோயமுத்தூருக்கு வந்த ஏர் இந்தியா டக்கோட்டா விமானம் நீலகிரியில் கோத்தகிரிக்கு அருகே மலையில் மோதியது. இருந்த 21 பேரும் மாண்டார்கள். வழி கணித்ததில் ஏற்பட்ட பிழையே காரணம் என்று கண்டார்கள். 1971 டிஸம்பர் 9-ஆம் தேதி மதுரைக்கு வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூருக்கு அருகே மலையில் மோதியது. பார்வை தெளிவில்லாத நேரத்தில் தாழ இறங்கியிருக்கிறார்கள். 31 பேரில் 21 பேர் இறந்தார்கள்.

கடல் கடந்து பார்த்தாலும் கதை அதுவே. 1974 டிஸம்பர் 4-ஆம் தேதி, இந்தோனேஷிய ஹஜ் யாத்ரிகர்களுடன் கொழும்பை நெருங்கிய டச்சு விமானம் ஒன்று, நம்மவர் தேயிலை பறிக்கும் மஸ்கெலியாவில் சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் மடிந்தார்கள். தாங்கள் இருக்கும் இடத்தை விமானமோட்டிகள் தவறாக நிர்ணயித்ததே காரணம் என்றது விசாரணை.

"எந்திரம் கெட்டுப்போகவில்லையா?" என்று வியந்தார் நண்பர்.

அதுதான் இவற்றில் விசேஷம். எந்திரம் நன்றாகத்தான் ஓடியது. விமானம் ஓட்டுகிறவரின் சொற்படிதான் போயிற்று. அவர் மனத்தில் இருந்த படம் ஒன்று. எதிரே இருந்த பூமி வேறு. 2021 டிஸம்பர் 8-ஆம் தேதி குன்னூருக்கு அருகே நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைவர் ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது என்றும், ஓட்டியவருக்குத் திசையுணர்வு தவறிவிட்டது என்றும் விசாரணையில் கண்டார்கள். திருவிழா ராட்டினத்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிட்டு இறங்கினால், நின்ற இடத்திலேயே பூமி சாய்வதாகத் தோன்றுகிறதல்லவா? மேகத்துக்குள் கண்ணுக்கு அடிவானம் தெரியாது. உள்காது சொல்லும் பொய்யை உடம்பு நம்பிவிடும்.

"வேறு காரணமே இல்லையா மாமா?" என்றாள் பெண். அவளுக்குத் தெரியாததல்ல, ஆயாவின் காதில் விழட்டும் என்றே கேட்டாள்.

உண்டு. 1996 நவம்பர் 12-ஆம் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரி ஊரின் மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய விமானம் இன்னும் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த மற்றொன்றின் பாதையில் புகுந்துவிட்டது. அதன் பிறகுதான் எதிரே வரும் விமானத்தை எச்சரிக்கும் கருவி நம் தேசத்தில் கட்டாயமாயிற்று. 2010 மே 22-ஆம் தேதி மங்களூரில், குன்றின் உச்சியைச் சமன் செய்து அமைத்த ஓடுபாதையைத் தாண்டி ஒரு விமானம் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 8 பேரே பிழைத்தார்கள். பிரயாணத்தின் பெரும்பகுதியில் தூங்கிப்போயிருந்த தலைமை விமானமோட்டி, உயரமும் வேகமும் சரியில்லாதபோதும் இறங்குவதிலேயே முனைந்தார். மேலே எழும்பிவிடலாம் என்று இணை விமானமோட்டி மூன்று முறை சொன்னார்.

"மூன்று தரம் சொல்லியும் கேட்கவில்லையா?"

"கேட்கவில்லை, அம்மா."

அந்த அம்மாள் நெடுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்வளவும் எப்படித் தெரிந்தது?" என்று பிறகு கேட்டார்.

விமானத்தில் 'கறுப்புப் பெட்டி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயர்தான் கறுப்பு, நிறம் காவி. ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் என்ற சிறுவன் 1934-ஆம் வருஷம் தன் தந்தையை விமான விபத்தில் பறிகொடுத்தான். அந்தச் சிறுவன்தான் பின்னால் விஞ்ஞானியாகி, விமானமோட்டிகளின் கடைசிப் பேச்சைக் காப்பாற்றிவைக்கும் கருவியை 1950-களில் உண்டாக்கினான். சர்வதேச விதிப்படி விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி அப்படி நேராமல் தடுப்பதுதான். எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அதன் வேலையல்ல. அதனால்தான் அறிக்கைகள் 'சாத்தியமான காரணம்' என்று அடக்கமாகச் சொல்கின்றன.

காரணம் அகப்படாத விபத்துக்களும் உண்டு. 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படை விமானம் வங்கக் கடலில் மறைந்தது. 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டார்கள். ஏழரை வருஷம்! எத்தனை வீடுகளில் வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்!

1950-இல் கோத்தகிரி மலையில் மாண்டவர்களில் ஆபிரகாம் வால்டு என்ற கணித மேதையும் அவர் மனைவியும் இருந்தார்கள். நமது அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் பிரசங்கம் செய்ய வந்தவர் அவர். யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினர், போரிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கேதான் கவசம் போட வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். வால்டின் கணிதமோ, துளை காணாத இடத்துக்கே கவசம் வேண்டும் என்று காட்டியது. அந்த இடத்தில் அடிபட்ட விமானங்கள்தாமே திரும்பி வரவில்லை? திரும்பாதவற்றின் மௌனத்தையும் சாட்சியாக ஏற்கக் கற்பித்த மனிதர், தாமும் திரும்பாத ஒரு விமானத்தில் போய்ச் சேர்ந்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த அம்மாளின் கண்கள் கலங்கியிருந்தன. நமக்குச் சட்டென்று நினைவு வந்தது. அவருடைய இளைய குமாரன், நண்பரின் தம்பி, சில வருஷங்களுக்கு முன் இதே நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது லாரி மோதி இறந்துபோனான்.

"என் பிள்ளைக்கு இப்படி ஒருவரும் உட்கார்ந்து காரணம் கேட்கவில்லையே, தம்பி" என்றார். "விதி என்றார்கள். எழுதிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் விளக்கு இல்லை."

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. பிரயாணம் செய்யும் தூரத்தைக் கணக்கிட்டால் சாலையைவிட ஆகாயம் எத்தனையோ மடங்கு பத்திரமானது என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தோம். அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. ஆகாயத்தில் ஒரு விமானம் விழுந்தால் உலகம் முழுவதும் காரணம் தேடுகிறது. சாலையில் தினந்தோறும் விழுகிறவர்களுக்கு விதியே காரணம் என்று விட்டுவிடுகிறோம். ஆகாயம் பத்திரமானதற்கு அந்தத் தேடல் அல்லவா காரணம்?

இருட்டிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது அந்த அம்மாள் பேத்தியைப் பார்த்து, "அந்த மங்களூர் விமானத்தில் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார்.

"மூன்று தரம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், ஆயா. ஒரு தரம் சொல்வேன். கேட்காவிட்டால் நானே மேலே தூக்கிவிடுவேன்."

"செய்வாள், இவள் செய்யக்கூடியவள்தான்" என்று முணுமுணுத்தார் அம்மாள். வீட்டுக்குப் போனதும், நம்மிடம் ஒன்றும் சொல்லாமல், டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் பாஸஞ்சர் வண்டிக்காகக் காத்திருந்தோம். வந்த காரியம் ஜயமாகிவிட்டது. ஆனால் மனம் இலேசாகவில்லை. பிறர் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாயத்தைச் சிபாரிசு செய்வது சுலபம்; நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால்? மேலே ஒரு விமானம் போயிற்று. அது கண்ணுக்கு மறையும் வரையில், வழக்கத்துக்கு மாறாக, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம்.