சான்று என்னும் சொல்

மும்பை அணுசக்தி நகரில் வாழும் நமக்கு மராத்தியின் ‘பிரமாணபத்திரம்’ நாளும் பழகிய சொல். அளத்தலைக் குறிக்கும் ‘மா’ என்ற வடமொழி வேரில் பிறந்தது அது. நம் ‘சான்றிதழ்’ தாங்கியுள்ள ‘சான்று’ என்பதோ, நிறைதலைக் குறிக்கும் ‘சால்’ என்னும் வினையடியாகத் தோன்றியது என்பர் சொல்லாய்வாளர். சான்றோர், சால்பு, சான்றாண்மை யாவும் அதன் கிளைகளே.

நவம்பர்தோறும் மத்திய அரசின் ஓய்வூதியர் தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று தருதல் வேண்டும். 2014இல் வந்த ‘ஜீவன் பிரமாண்’ முறையில் கருவியில் பதியும் கைரேகை ஒப்பிடப்படுகிறது. முதுமையில் தேய்ந்த ரேகை சிலவேளை பொருந்துவதில்லை. அப்போது, முதியவரை நேரில் கண்டு கையொப்பமிடும் அலுவலர் ஒருவரும் துணையாகலாம்.

அளவை தோற்குமிடத்தில் ஒருவரது சால்பே சான்றாகிறது. கோப்புகளிடையே காலங்கழிக்கும் நம்மனோர் இச்சொற்பொருளை மறத்தல் தகுமோ?