கூப்பிடாமல் வந்த தம்பூரா

இன்றிரவு ஒரு காரியம் செய்து பாருங்கள். தெருச் சந்தடி அடங்கட்டும். பாட்டு ஒன்றும் வைக்காமல் ஆம்பிளிஃபயரை மட்டும் போட்டுவிட்டு, ஸ்பீக்கரிடம் காதைக் கொடுங்கள். 'உம்ம்ம்' என்று யாரோ மூக்கால் முனகுவது போல் கேட்கிறதா? பயப்படாதீர்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை; சாட்சாத் மின்சாரம்தான்!

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிற வஸ்து. அந்த ஆட்டம் எப்படியாவது பாட்டு வருகிற கம்பிக்குள் புகுந்துவிட்டால், ஸ்பீக்கரும் அதே கணக்கில் ஆடத் தொடங்கிவிடும். இதற்குச் சுருதி கூட உண்டு. ஆர்மோனியம் வைத்திருப்பவர்கள் சோதித்துக் கொள்ளலாம்: ஐந்து கட்டைக்கு இம்மி மேலே, ஸ்தாயி மட்டும் பாதாளம். நாலரைக் கட்டையில் ஒருவர் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஐந்து கட்டையில் முனகினால் கச்சேரி என்ன கதி ஆகும்? நீங்களே சொல்லுங்கள்!

என் பெரியப்பாவுக்கு இதனால் பாட்டே நின்று போயிற்று. வயது 78. அலமாரி நிறைய எல்.பி. ரிக்கார்டுகள். பெரியம்மா போன பிறகு, மாலை ஆறு மணிக்கு ஒரு ரிக்கார்டு என்பது அவருக்கு மருந்து மாதிரி. அப்பேர்ப்பட்டவர் நாலு மாதமாக அலமாரியைத் திறக்கவில்லை. கேட்டதற்கு, "வீணை கீழ் ஸ்தாயிக்கு இறங்குகிற இடத்தில் இவன் வந்து உட்கார்ந்துகொள்கிறானேடா!" என்றார்.

பழுது பார்க்க வந்தவர் ஐந்தே நிமிஷத்தில் வைத்தியம் சொன்னார். "பிளக்கிலே எர்த் ஒயரை நறுக்கிட்டா சத்தம் போயிடும் சார்!"

அவர் சொன்னது பொய்யில்லை. சத்தம் போய்விடும். கூடவே வேறு என்ன போகும் என்பதுதான் கேள்வி. பெட்டிக்குள் ஒரு கம்பியின் உறை தேய்ந்து தகரத்தைத் தொட்டுவிட்டால், எர்த் இருக்கிற வரை மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸை எரித்துவிடும், நாம் பிழைத்தோம். எர்த் இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டுடன் சாதுவாக உட்கார்ந்திருக்கும், யார் தொடுவார்கள் என்று. பெரியப்பாவின் இரண்டு வயதுப் பேத்தி தினம் தாளம் போடுவது அந்தத் தகரப் பெட்டியின் மேல்தான். வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

பிறகு, "காது உங்களுடையது, கை என்னுடையது" என்று பெரியப்பாவுடன் உட்கார்ந்தேன். முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தேன். உறுமலும் அடங்கிற்று. இது நல்ல சகுனம். குறைத்தும் அடங்காமல் 'புர்ர்' என்று நின்றிருந்தால், கோளாறு ஆம்பிளிஃபயருக்கு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். பழைய பெட்டிகளில் பெரும்பாலும், மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிற கெப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருக்கும். அப்போது மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம்.

அடுத்தது ரிக்கார்டு பிளேயரின் பின்னாலிருந்து வருகிற மெல்லிய தனி ஒயர். உபயோகமில்லாதது போல் தொங்கும் அதை, ஆம்பிளிஃபயரின் முதுகில் இருக்கிற கிரவுண்ட் திருகாணியில் மாட்ட வேண்டும். ரிக்கார்டு முள்ளிலிருந்து வருவது சுமார் 5 மில்லி வோல்ட், சி.டி. பிளேயர் கொடுக்கிற 2 வோல்ட்டில் நானூறில் ஒரு பங்கு. போதாக்குறைக்கு, ரிக்கார்டில் அடக்கிப் பதித்த கீழ் ஸ்வரங்களை ஆம்பிளிஃபயர் பல மடங்கு தூக்கிவிடுகிறது. உறுமலுக்கும் அதே ராஜோபசாரம்! ஆனால் பெரியப்பாவின் ஒயர் ஒழுங்காகவே மாட்டியிருந்தது.

மிச்சமிருந்தது டி.வி. அதன் செட்-டாப் பெட்டியிலிருந்தும் ஆம்பிளிஃபயருக்கு ஒரு ஒயர் போயிற்று. "டி.வி.தான் அணைந்திருக்கிறதே!" என்றார் பெரியப்பா. நான் வாசலிலிருந்து வருகிற கேபிளைக் கழற்றினேன். சட்டென்று வீடே காலியானது போல் ஒரு நிசப்தம்!

சமாசாரம் இதுதான். ஆம்பிளிஃபயர் வீட்டு எர்த்தில் நிற்கிறது. கேபிளின் உலோக உறை தெருவில் வேறெங்கோ பூமியைத் தொடுகிறது. இரண்டு பூமிக்கும் நடுவே சொற்ப வோல்ட் வித்தியாசம் எப்போதும் உண்டு. ஒயர்கள் சேர்ந்து ஒரு வளையமானதும் அதில் மின்சாரம் பிரதட்சிணம் செய்யத் தொடங்குகிறது. சுவிட்சை அணைப்பதால் வளையம் அறுவதில்லை. அறுக்க வேண்டியது எர்த்தை அல்ல. பாட்டு ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டிரான்ஸ்பார்மரை வைத்தால் போதும். சங்கீதம் காந்தசக்தியால் தாண்டிப் போகும்; வளையம் அறுந்துவிடும்.

அது வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை கேபிளை மாட்டவே விடவில்லை பெரியப்பா. "சீரியல் போச்சே, மாமா!" என்று மருமகள் அங்கலாய்த்துப் பார்த்தாள். அவர் காதில் விழவில்லை. வீணை கீழ் ஸ்தாயிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.